எர்த்துக்கு ஒரு குடம்

அத்தியாயம் 6

ஏழாம் வகுப்பில் அன்றைக்கு மின்சுற்றுப் பாடம்.

பெஞ்சுக்கு ஒரு டார்ச் செல், ஒரு குட்டி பல்பு, இரண்டு துண்டு வயர் என்று மாரீஸ்வரி பிரித்துக் கொடுத்திருந்தாள். பல்பு எரிந்த பெஞ்சில் கும்மாளம். எரியாத பெஞ்சில் அடிதடி.

"டீச்சர், இவ ஒத்த வயர்லயே எரியும்ங்கறா."

முன்வரிசையில் மகிமா எழுந்து நின்றாள். "ஆமா டீச்சர். எங்க தோட்டத்துல அப்பிடித்தேன் எரியுது. ஒரு வயரு கம்பத்துல இருந்து வருது. எங்கப்பா மண்ணுக்குள்ள கம்பி அடிச்சு, இன்னொரு வயர அதுல கட்டிட்டாக. டியூப்லைட்டே எரியுது."

"மண்ணுல இருந்து கரண்டு வருதா? நெலக்கடலையாடி அது?" என்றது பின்பெஞ்சு. வகுப்பே சிரித்தது.

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையில் படம் பாதியில் நின்றது. செல்லில் இருந்து கிளம்பிய கோடு பல்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, திரும்ப செல்லைத் தொடுவதற்குள் அவள் கை ஓய்ந்துவிட்டது. போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த வழி கம்பியா, தண்ணீரா, மண்ணா, மனுஷ உடம்பா என்று அது பார்ப்பதில்லை. வருடா வருடம் அவள் வாயால் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"மகிமா, ஒங்கப்பாட்ட சொல்லி இன்னைக்கே அதப் புடுங்கச் சொல்லு."

"நல்லாத்தானே எரியுது டீச்சர்..."

"புடுங்கச் சொல்லுன்னு சொன்னேன்ல."

குரல் ஏறிவிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரீஸ்வரி டீச்சர் கத்தி அவர்கள் கேட்டதில்லை. அந்த நேரத்தில்தான் ஆயா வாசலில் எட்டிப் பார்த்து, "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு வந்துருக்காரு" என்றாள்.

ஈஸ்வரபாண்டி பள்ளிக்கூட வாசலில் பைக்கை அணைக்காமலே நின்றிருந்தான்.

"ஏறு. தேனியில இருந்து கரண்டு இன்ஸ்பெக்டர் மேடம் வந்துருக்காக. எஸ்.ஐ.யும் வந்துருக்காரு. வீட்டாளுக அத்தன பேரும் இருக்கணுமாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

ஜோதிலட்சுமி செத்து இது மூன்றாவது வாரம். ஈஸ்வரபாண்டியின் தம்பி செல்வமணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூன்று வயது ஓவியாவின் அம்மா. விடிவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்புறம், எர்த் பைப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தாள். எவர்சில்வர் குடம் ஒன்று தள்ளி உருண்டு கிடந்தது. முதலில் பார்த்து, அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அலறியவள் மாமியார் கஸ்தூரியம்மாள்.

ஜோதியின் உள்ளங்கையில் கருகிய தடம் இருந்தது. மின்சாரம் தாக்கிய சாவுதான் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஆனால் வீட்டைச் சோதித்துப் பார்த்தவர்கள், எங்கேயும் கசிவு இல்லை, வயரிங் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் ஆகாத பெண் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை வந்தது. அந்த விசாரணையில் ஜோதியின் அண்ணன் சுருளியாண்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கரண்டுல கெடந்தவள இந்த அம்மா வெறுங்கையால தூக்கிருக்காக. இவுகளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? கொன்னு போட்டுட்டு பைப்புகிட்ட கொண்டாந்து போட்டீகளா?"

கேள்வி நேராகப் போய் செல்வமணியின் தலையில் உட்கார்ந்தது.

பதில் தெரிந்தவர்கள் அந்த வீட்டிலேயே நாலு பேர் இருந்தார்கள். முழுப் பதிலும் தெரியாது. பாதி தெரியும். அந்தப் பாதியைத்தான் மூன்று வாரமாக நாலு பேரும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோம்பை ரோட்டில் வாழைத் தோட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் ஈஸ்வரபாண்டி பைக்கைப் பாலத்தடியில் ஓரங்கட்டினான். காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஆடி போன பிறகும் மலை இடுக்கில் இருந்து வருகிற காற்று ஓயவில்லை.

"நீ என்ன சொல்லப் போற?" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

"நீங்க என்ன சொல்லப் போறீக?"

"முன்னாடி சொன்னதேதேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வாழை வெட்டுக்குப் போயிட்டேன்."

"இன்னைக்கு தம்பியக் கூட்டிட்டுப் போயிருவாக."

"போகட்டும். அவன் கொல்லல. கொல்லாதவன எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பாக? வக்கீலு இருக்காரு. பெயிலு இருக்கு."

"நீங்களுந்தேன் கொல்லல."

அவன் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நான் கட்டுன வயரு மாரி. வெளக்கு எரியட்டும்னு கட்டுனேன். ஆளு சாகட்டும்னா கட்டுனேன்?"

"அத அப்பிடியே சொல்லுங்க. போதும்."

"போதுமா? கட்டுனதச் சொன்னா அவுத்ததையும் சொல்லணும். தம்பி பொண்டாட்டி பொணமாக் கெடக்கைல இவன் மொட்டமாடில ஏறி வயரு முறுக்கிக்கிட்டு இருந்தான்னு ஊரு சொல்லும். நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடவீதிக்குப் போவேன்?"

ஊர் அப்படித்தான் சொல்லும் என்று அவளுக்கும் தெரியும்.

ஆடி பிறந்ததும் அடித்த காற்றில், கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் ஒன்று, மொட்டைமாடிச் சுவர்க் கம்பியோரம் அறுந்துவிட்டது. அறுந்தது நியூட்ரல். மின்சாரம் வருகிற வயர் உசிரோடு இருந்தது. திரும்பிப் போகிற வயர்தான் போயிற்று. வீடு இருட்டானது. ஈஸ்வரபாண்டி மெயின் போர்டில் இருந்து ஒரு வயரை இழுத்து, வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதைத்திருந்த எர்த் பைப்பில் கட்டினான். விளக்கு எரிந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்கும் அது புதிசில்லை. காலையில் மின்வாரியத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள். விளக்குதான் எரிகிறதே என்று அந்தக் காலை தள்ளிக்கொண்டே போயிற்று.

மண் காயக் காய வெளிச்சம் மங்கும். அப்போதெல்லாம் யாராவது ஒருத்தர் ஒரு குடம் தண்ணீரை எர்த் பைப்பின் வாயில் ஊற்றிவிட்டு வருவார்கள். வெளிச்சம் ஏறும். "ஜோதி, லைட்டு டல்லடிக்குது, எர்த்துக்கு ஒரு கொடம் ஊத்திட்டு வா" என்று மாரீஸ்வரியே சொல்லியிருக்கிறாள். அவளும் ஊற்றியிருக்கிறாள். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள்.

ஜோதி செத்த அன்று மாரீஸ்வரி ஊரில் இல்லை. தேனியில் ஆசிரியர் பயிற்சி. முதல் நாளே போய் அக்காள் வீட்டில் தங்கிவிட்டாள். அலறல் கேட்டுத் தோட்டத்தில் இருந்து ஓடி வந்த ஈஸ்வரபாண்டி முதலில் செய்த வேலை, பைப்பில் கட்டிய வயரை உருவியது. அடுத்தது மொட்டைமாடிக்கு ஏறி, இத்தனை நாள் பயந்துகொண்டு தொடாத அந்த அறுந்த வயரைச் சேர்த்து முறுக்கியது. போலீஸ் வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இது தம்பிக்குத் தெரியும். தெரிந்தும், தன் மேல் பழி விழுந்த பிறகும், அவன் அண்ணனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் மாரீஸ்வரியை அறுத்தது. அவள் கல்யாணமாகி வந்தபோது செல்வமணி எட்டாம் வகுப்பு. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரபாண்டி வண்டியை எடுத்தான்.

வீடு பண்ணைப்புரத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் தனியாக நின்றது. வாசலில் போலீஸ் ஜீப். சுருளியாண்டி வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். ஜெயமங்கலத்தில் இருந்து கூட இரண்டு பேர்.

பின்புறத்தில் மின் ஆய்வாளர் சொர்ணலதா குனிந்து நின்றாள். ஐம்பதை நெருங்குகிறவள். சேலையைத் தூக்கிச் செருகி, காலில் ஆம்பிளைகள் போடுகிற பூட்ஸ். நெட்டையான உதவியாளர் ஒருவர் மீட்டர் பெட்டியோடு பக்கத்தில். துணி துவைக்கிற கல் ஓரமாகச் செல்வமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தாடி மண்டிவிட்டது. கஸ்தூரியம்மாள் சுவரோடு ஒண்டி, மடியில் ஓவியாவை வைத்திருந்தாள்.

"எர்த் எலும்பா காஞ்சு கெடக்கு" என்றாள் சொர்ணலதா. "இதுக்குத் தண்ணி ஊத்துற வழக்கம் உண்டா?"

"அதுக்கெல்லாம் யாரு மேடம் ஊத்துறா" என்றான் ஈஸ்வரபாண்டி.

"அப்ப அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்ன கொடத்தோட இங்கன என்ன பண்ணுச்சு?"

"செடிக்கு ஊத்த வந்துருப்பா" என்றாள் கஸ்தூரியம்மாள்.

சொர்ணலதா நாலு பக்கமும் பார்த்தாள். "எந்தச் செடிம்மா?"

கஸ்தூரியம்மாள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள்.

"மேல வயர் ஜாயின்ட் ஒண்ணு பார்த்தேன். யார் போட்டது?"

"அது போன வருசம் போட்டது மேடம்."

"போன வருசமா? அலுமினியம் இன்னும் மின்னுது. வெயில்ல ஒரு வருசம் கெடந்த வயரு சாம்பலா இருக்கும்."

ஈஸ்வரபாண்டி எஸ்.ஐ.யைப் பார்த்தான். எஸ்.ஐ. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வயர்க் கதையில் பொறுமை போய்விட்டது.

"மேடம், இன்னைக்குத் தேதிக்கு பைப்புல கரண்டு இருக்கா, இல்லையா?"

"இல்ல. இப்ப இருக்கிற வயரிங்ல இந்த பைப்பத் தொட்டு யாரும் சாக முடியாது."

"அப்ப யாரோ வேற வழியில கரண்டு வச்சிருக்கான். அம்புட்டுத்தேன். செல்வமணி, எந்திரிப்பா. ஜீப்புல ஏறு."

செல்வமணி எழுந்தான். சட்டை மாட்டிக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டான்.

வேப்பமரத்தடியில் இருந்து சுருளியாண்டி சொன்னான். "சட்டை என்னத்துக்கு மாப்ள? எந்தங்கச்சி மாத்துச்சேல இல்லாமத்தேன் போனா."

ஓவியா, "அப்பா, நானும் ஜீப்பு" என்று பாட்டி மடியில் இருந்து நழுவினாள். மாரீஸ்வரி பிள்ளையை எட்டிப் பிடித்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தூக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"மேடம், அந்த ஜாயின்ட் ஜோதி செத்தன்னைக்குப் போட்டது."

ஈஸ்வரபாண்டி அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க" என்றாள் சொர்ணலதா.

மாரீஸ்வரி சொன்னாள். ஆடிக் காற்றில் இருந்து தொடங்கி, பைப்பில் கட்டியது, தண்ணீர் ஊற்றியது, அவிழ்த்தது வரை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரியே குரல் வந்தது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"நீங்க டீச்சராமே. என்ன சப்ஜெக்ட்?"

"அறிவியல்."

"தண்ணி ஊத்துனா ஏன் வெளிச்சம் கூடுது?"

"ஈர மண்ணுல மின்தடை கொறையும். கரண்டு தடங்கல் இல்லாம எறங்கிரும்."

"இது பாடத்துல இருக்கா?"

"இருக்கு மேடம்."

சொர்ணலதா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மாரீஸ்வரிக்கு.

"ஏலே ஈஸ்வரபாண்டி" என்றார் எஸ்.ஐ. "ஒம் பொண்டாட்டி சொல்றது நெசமா?"

"நெசந்தேன் சார்." அவன் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நாந்தேன் கட்டுனேன். நாந்தேன் அவுத்தேன். எந்தம்பிய விட்ருங்க."

கஸ்தூரியம்மாள் மூத்த மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "ஆத்தா, நல்லா இருப்ப. தாலி கட்டுனவனக் கைய நீட்டிக் காமிச்சிட்ட."

"எம்மா, சும்மா இரு" என்றான் ஈஸ்வரபாண்டி. "அவ சொல்லாட்டி நான் சொல்லிருக்க மாட்டேன். தம்பி போயிருப்பான். சும்மா இரு."

சுருளியாண்டி மரத்தடியை விட்டு நகர்ந்து வந்தான். மூன்று வாரமாகத் தூங்காத கண்.

"கட்டுனாக, அவுத்தாக, எல்லாஞ் சரி. என் கேள்வி அப்பிடியேதேன் நிக்குது. இவரு தோட்டத்துல இருந்து வந்து வயர அவுக்குறதுக்கு முன்னாடியே இந்த அம்மா எந்தங்கச்சிய மடியில தூக்கிப் போட்டுருக்காக. வயரு பைப்புலதேன் இருந்துச்சு. இவுகளுக்கு ஏன் அடிக்கல?"

"நியாயமான கேள்வி" என்றாள் சொர்ணலதா. "அன்னைக்கு இருந்த மாதிரியே திரும்பக் கட்டிப் பார்த்துருவோம். எல்லாரும் சிமெண்ட் தரையில ஏறி நில்லுங்க. புள்ளைய எறக்கி விட்டுறாதீங்க டீச்சர்."

மெயினை அணைத்து, போர்டில் நியூட்ரலைக் கழற்றி, அதே இடத்தில் இருந்து பைப்புக்கு வயர் இழுத்தார் உதவியாளர். எங்கே கட்டியிருந்தது, எத்தனை சுற்று என்று ஈஸ்வரபாண்டியே கைகாட்டினான். தள்ளிக் காய்ந்த தரையில் ஓர் ஆணியை அடித்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைப் பைப்பிலும் கவ்வ விட்டார்கள். மெயினைப் போட்டதும் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது.

"இருபத்தெட்டு வோல்ட் மேடம்."

"கூசும். கைய ஒதறுவாங்க. சாக மாட்டாங்க" என்றாள் சொர்ணலதா. "நீங்க இத்தன நாள் கொடம் கொடமா ஊத்தியும் யாரும் சாகாததுக்கு இதுதான் காரணம். வீட்டுல பெரிய லோடு என்ன இருக்கு? அயர்ன் பாக்ஸ், ஹீட்டர்?"

"ஹீட்டர் இருக்கு மேடம், வாளியில போடுற ராடு" என்றான் ஈஸ்வரபாண்டி. "ஆனா வயரு அறுந்ததுல இருந்து அத யாரும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அதப் போட்டா வெளக்கு அம்புட்டும் படுத்துரும். வெந்நி எல்லாம் வெறகடுப்புலதேன்."

"ஒரு வாளித் தண்ணியில அத வைங்க."

குளியலறைக்கு வெளியே நடையில் இருந்தது அந்தச் சுவிட்ச். பிள்ளை தொட்டுவிடும் என்று உயரத்தில் வைத்தது. நெட்டை உதவியாளர் கையை நீட்டிப் போட்டார்.

கூடத்து டியூப்லைட் இரண்டு தரம் கண்ணைக் கொட்டி அணைந்தது. ஃபேன் முனகிக்கொண்டு தளர்ந்தது.

"நூத்தி அறுபது மேடம்."

"வெளக்குக்கு வேண்டிய கரண்டு கொஞ்சம்" என்றாள் சொர்ணலதா. பாடம் சொல்கிற மாதிரி இல்லை, அலுத்துப் போன குரல். "அது பைப்பு வழியா மண்ணுல எறங்கிரும். ஹீட்டர் இழுக்கிறது அதுக்குப் பல மடங்கு. காஞ்ச மண்ணு அத வாங்காம மொறைக்கும். பைப்பு உச்சியில இருந்து அடி வரைக்கும் ஷாக் ஏறி நிக்கும். லைட்டு மங்குதுன்னு அந்தப் பொண்ணு கொடத்தோட வருது. ஈரக்கால். எவர்சில்வர் கொடம் பைப்பு வாயத் தொடுது. அவ்வளவுதான். ஹீட்டர ஆஃப் பண்ணுங்க."

உதவியாளர் மறுபடி கையை உயர்த்தினார். டியூப்லைட் திரும்பி வந்தது. மீட்டர் இருபத்தெட்டுக்கு இறங்கியது.

"இப்பத் தொட்டா பெருசா ஒண்ணும் தெரியாது. பெரியம்மா தூக்குனது இந்த நெலைமையில."

மாரீஸ்வரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கொலை இல்லை. ஈஸ்வரபாண்டியின் சோம்பேறித்தனம், தன்னுடைய குருட்டுத்தனம், எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணைத் தின்றுவிட்டது. ஆனால் கொலை இல்லை. தம்பி தப்பித்தான். அவள் செல்வமணியைப் பார்த்தாள். அவன் முகத்தில் தப்பித்தவனின் நிம்மதி இல்லை. வேர்த்திருந்தது.

சுருளியாண்டி மெதுவாகப் பேசினான். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்து எடுத்து வைக்கிற மாதிரி.

"அப்ப எந்தங்கச்சி பைப்பத் தொட்டப்ப ஹீட்டரு ஓடிருக்கு. இந்த அம்மா தூக்குனப்ப ஓடல. நடுவுல யாரோ அமத்திருக்காக. செத்தவ எந்திரிச்சு வந்து அமத்திருக்க மாட்டா."

"அதத்தான் நானும் கேக்கப் போறேன்" என்றாள் சொர்ணலதா. "அன்னைக்கு வீட்டுல யார் யார் இருந்தீங்க?"

எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ஈஸ்வரபாண்டி தோட்டத்தில். மாரீஸ்வரி தேனியில். செல்வமணி, ஜோதி எழுந்திருக்கும் முன்னாலேயே சின்னமனூர் வாழை மண்டிக்குக் கிளம்பிவிட்டதாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தான். வீட்டில் இருந்தது தூங்குகிற பிள்ளையும் கஸ்தூரியம்மாளும்.

"நாந்தேன்" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"என்ன நீங்க?"

"நாந்தேன் ஹீட்டரப் போட்டேன். குளுரா இருந்துச்சு, வெந்நி வைக்கலாம்னு. வெளக்கு மங்கவும் பயந்துபோயி நானே அமத்திட்டேன். பெரியவன் திட்டுவானேன்னு யார்ட்டயும் சொல்லல. எழுதிக்கங்க தாயி. இந்தக் கெழட்டுக் கட்டையக் கொண்டு போங்க. எம் புள்ளைகள விட்ருங்க."

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். அவருக்கு இது போதும் போல இருந்தது. ஒரு விபத்து, ஒரு வயசானவள், முடிந்தது கேஸ். சுருளியாண்டிகூட அந்தக் கிழவியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சொர்ணலதா மட்டும் மாரீஸ்வரி பக்கம் திரும்பினாள். இந்த வீட்டில் நிசம் சொல்கிற வாய் எது என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"சரிதானா டீச்சர்?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். தம்பி வீட்டில் இருப்பான். ஓவியாவுக்கு அப்பன் இருப்பான். வயசைப் பார்த்து அத்தையைக் கடிந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று மாமியார் இட்ட பழியும் நாளாவட்டத்தில் தேயும்.

அத்தைக்கு இரண்டு வருடமாக வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. இடது கை சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடியது. தலை சீவி விட்டதே ஜோதிதான்.

"மேடம்" என்றாள் மாரீஸ்வரி. "அத்தைய அந்தச் சுவிட்ச ஒரு தடவ போட்டுக் காட்டச் சொல்லுங்க."

கஸ்தூரியம்மாள் எழுந்தாள். மறுக்கவில்லை. நடைக்குப் போனாள். சுவிட்சுக்குக் கீழே நின்று வலது கையை உயர்த்தினாள். அது நெஞ்சு வரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் வலது முழங்கையை ஏந்தித் தள்ளினாள். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு முழம் இருந்தது சுவிட்சுக்கு. அவள் குதிகாலைத் தூக்கினாள். மறுபடி தூக்கினாள். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் யாரும் போதும் என்று சொல்லவில்லை.

"விடு ஆத்தா" என்றான் செல்வமணி.

அவன் நடைக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். பிறகு யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் மாரீஸ்வரியைப் பார்த்தான்.

"நான் அப்ப மண்டிக்குப் போயிருக்கல மதினி. போறதுக்கு முன்னாடி குளிக்க நாந்தேன் ஹீட்டரப் போட்டேன். நாந்தேன் அமத்துனேன்."

"அப்ப ஏன்யா இல்லைன்னு எழுதிக் கொடுத்த?" என்றார் எஸ்.ஐ.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவ கொடத்தத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனத நான் பாத்தேன் மதினி."

சொர்ணலதா மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், சுருட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்க சுவிட்சப் போட்டது அவங்க பின்னால போறதுக்கு முன்னாடியா, போன பிறகா?"

ஓவியா, "அப்பா" என்று மாரீஸ்வரியின் இடுப்பில் இருந்து எம்பினாள். செல்வமணி பதிலை விட்டுவிட்டு இரண்டு கையையும் பிள்ளைக்காக நீட்டினான்.

மாரீஸ்வரி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஓர் எட்டு பின்னால் போனாள்.